காற்றுத் தூரிகை வாங்கப் போகிறவர்களுக்கு



வாரத்தின் நாள்கள் எல்லாம் இலக்கணமும் காப்பியமும் கற்பிப்பதில் கழிய, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலை மட்டும் நாம் பிளாஸ்டிக் விமானங்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்பது இங்கே சிலருக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாதவர்களுக்காக ஒரு சொல். எழுபத்திரண்டில் ஒரு பங்கு, நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்று அளவு குறுக்கி வார்க்கப்பட்ட பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசி, அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பொழுதுபோக்கு இது. பிள்ளை விளையாட்டு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறக்கையில் 1941 ஆகஸ்டுக்கு முன்பிருந்த மண்பழுப்பு அதன்பின் ஏன் கடற்சாம்பல் ஆயிற்று என்று தேடிக்கொண்டு போகிறவன், சுவடிகளில் பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியனுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான்.

இந்தப் பொழுதுபோக்கில் ஓராண்டைக் கழித்தவர்கள் எல்லோரும் தவறாமல் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. மயிர்த் தூரிகையால் பூசிய வண்ணத்தில் கோடு கோடாகத் தடம் தெரிகிறது. படங்களில் பார்க்கும் மாதிரிகளில் அது தெரிவதில்லை. உடனே கேள்வி பிறக்கிறது: எந்த ஏர்பிரஷ் வாங்கலாம்? மாதத்திற்கு ஒருவராவது நம்மிடம் இதைக் கேட்கிறார். ஏர்பிரஷ்ஷைக் காற்றுத் தூரிகை என்று எழுதிப் பார்த்தோம். வகுப்பறையில் நன்றாகத்தான் ஒலிக்கிறது. கடையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆகவே இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடை சொல்வதற்கு முன், இதே கேள்விக்கு நாம் ஒருமுறை சொன்ன தவறான விடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர், துறை அறை மேசைமீது இருந்த ஒரு விமானத்தைப் பார்த்துவிட்டு இதில் நாட்டம் கொண்டார். மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி ஒன்றை, எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் வாங்கிக் கட்டினார். ஒட்டிய தடமே தெரியாத அருமையான வேலை. வண்ணத்துக்கு வந்தபோது, "எந்த ஏர்பிரஷ் வாங்கலாம் ஐயா?" என்று கேட்டார். நாம் அப்போதுதான் நூல்களையும் விளக்கப் படங்களையும் கரைத்துக் குடித்திருந்த காலம். "வாங்குவது என்றால் நல்லதாக வாங்கிவிடு தம்பி. 0.2 மில்லிமீட்டர் முனை உள்ளது. அந்த விமானத்தின் பக்கவாட்டில் இருக்கும் புகைத்திட்டுகளுக்கு அதைவிடத் தடித்தது உதவாது" என்றோம். எவ்வளவு உறுதியாகச் சொன்னோம் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அந்த அளவு முனையை நாமே அன்று மூன்று நான்கு முறைக்குமேல் கையில் எடுத்ததில்லை.

அவர் பத்து மாதம் சேர்த்து அதையே வாங்கினார். கம்ப்ரஸருக்குப் பணம் மிஞ்சவில்லை. மலிவான, தொட்டி இல்லாத சிறு பம்பு ஒன்றைப் பிடித்தார். பிறகு நடந்தவற்றை அவர் சொன்னதைவிட அந்த விமானமே நன்றாகச் சொல்லிற்று. ஒரு பக்கம் வண்ணம் மணல்போல் சொரசொரத்துக் கிடந்தது, மறுபக்கம் சிலந்திக் கால்கள் போல் ஓடியிருந்தது. முனை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடைத்தது. மூன்றாம் மாதம், கழுவிவிட்டு மீண்டும் பூட்டும்போது நெல்முனை அளவே இருக்கும் அந்த நாசில் சற்று இறுக்கியதும் கீறிவிட்டது. மாற்று நாசில் ஊரில் எங்கும் இல்லை. வரவழைக்கக் கேட்ட விலை அவரால் கொடுக்கக்கூடியதாகவும் இல்லை. பெட்டியோடு நம் அறைக்கு வந்து, "என் கைக்கு இது வராது போலிருக்கு ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கையில் எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் நம் வாயில். பொருந்தாத கருவியைக் கொடுத்தால் மனிதன் கருவியைச் சந்தேகிப்பதில்லை, தன்னைத்தான் சந்தேகிக்கிறான். பணம் போனதைக் காட்டிலும் அதுதான் நம்மை உறுத்திற்று. இதை எழுத வைத்ததும் அதுவே.

சரி, கருவிக்கு வருவோம். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கொலம்பியக் கண்காட்சியில் சார்லஸ் பர்டிக் என்பவர் வடிவமைத்த ஏர்பிரஷ்ஷைத் தேயர் அண்ட் சாண்ட்லர் நிறுவனம் காட்சிக்கு வைத்தது. எழுதுகோல்போல் பிடிக்கும் உடல், அதன் நடுவே நீளமான ஊசி, ஊசியின் கூர் சென்று அமரும் சிறு குழல்முனை. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அடிப்படை மாறவில்லை. முனையைச் சுற்றிக் காற்று விரைந்து வெளியேறும்போது அங்கே அழுத்தம் குறைகிறது; அந்தக் குறைவு வண்ணத்தை இழுத்துத் துளித்துளியாகச் சிதறடிக்கிறது. ஊசியைப் பின்னுக்கு இழுத்தால் வழி அகன்று வண்ணம் கூடும். முன்னுக்குத் தள்ளினால் அடைபடும். அவ்வளவுதான்.

விசையை அழுத்தினால் காற்றும் வண்ணமும் சேர்ந்தே வரும். வண்ணத்தின் அளவைத் திருகில் முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒற்றைச் செயல் வகை. அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் வண்ணம் என்பது இரட்டைச் செயல் வகை. முதலில் ஒற்றையில் பழகிவிட்டுப் பிறகு இரட்டைக்குப் போகலாம் என்று அறிவுரை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாம் இதை ஒப்புவதில்லை. இரட்டைச் செயலின் விசையை விரல் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளும். ஒற்றையில் ஊறிய விரல் பிறகு அதை மறக்கத்தான் பாடுபட வேண்டும். சிகாகோவில் தொடங்கிய பாஷே நிறுவனத்தின் எச் வகை போன்ற பழைய ஒற்றைச் செயல் கருவிகள் கெட்டவை என்று சொல்லவில்லை. அவற்றில் வண்ணமும் காற்றும் முனைக்கு வெளியே கலக்கின்றன. கழுவுவது எளிது, எதையும் தாங்கும், பெரிய கப்பலின் அடிப்பாகத்துக்கு ஒரே நிறம் அடிக்க அவை போதும். ஆனால் துளி பருமனாக விழும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்கிறவருக்கு நாம் அதைச் சொல்ல மாட்டோம்.

வண்ணக் கிண்ணம் மேலே இருக்க வேண்டுமா, கீழே புட்டியாகத் தொங்க வேண்டுமா என்பதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். மேலே. வண்ணம் தன் எடையாலேயே இறங்குவதால் குறைந்த அழுத்தம் போதும்; பத்துச் சொட்டை ஊற்றி வேலையை முடிக்கலாம். கீழே தொங்கும் புட்டி, நாள் முழுவதும் பனியன்மேல் படம் வரைகிறவர்களுக்கு உரியது.

நம் மாணவரைக் கவிழ்த்தது மில்லிமீட்டர்க் கணக்கு என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

0.2, 0.3, 0.5 என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது முனையின் துளை அளவு. அது விழும் கோட்டின் அகலம் அன்று. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதுதான் புதியவர்களின் முதல் மயக்கம். அன்று நமக்கும் அதே மயக்கம். கோட்டின் அகலத்தை முடிவு செய்வது தூரம், காற்றழுத்தம், வண்ணத்தின் நீர்மை, ஊசியை இழுக்கும் அளவு ஆகிய நான்கும் சேர்ந்துதான். 0.35 முனை உள்ள கருவியைப் பழகிய கை, பரப்புக்கு மிக அருகில் கொண்டுபோய் ஒரு மில்லிமீட்டர் அளவில் கோடு இழுத்துவிடும். பழகாத கை 0.2 முனையைக் கொண்டு இழுத்தாலும் விரல் அகலத்துக்குப் பனிமூட்டந்தான் வரும்.

அடுத்து, எவ்வளவு நுண்மை நமக்குத் தேவை என்பதையும் கணக்கிட்டுவிடலாம். மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி விமானத்தின் இறக்கை விரிவு ஏறக்குறைய 9.9 மீட்டர். எழுபத்திரண்டில் ஒரு பங்காக்கினால் 14 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உள்ளங்கையில் அடங்கும் பொருள். உண்மை விமானத்தின் பக்கவாட்டில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு சாம்பல் திட்டு இருந்தால், மாதிரியில் அது 3 மில்லிமீட்டர். இரு நிறங்கள் கலங்கிச் சேரும் விளிம்பு உண்மையில் 5 சென்டிமீட்டர் என்றால் மாதிரியில் 0.7 மில்லிமீட்டர். இந்த 0.7 சற்றுக் கடினம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 3 மில்லிமீட்டர் திட்டுக்கு 0.3 முனையோ 0.35 முனையோ தாராளம். அன்று நாம் தாளில் இந்தச் சிறு வகுத்தலைச் செய்து பார்த்திருந்தால் அந்த மாணவரின் பத்து மாதம் மிஞ்சியிருக்கும்.

நுண்முனைக்குக் கொடுக்கும் விலை கடையோடு முடிவதும் இல்லை. துளை சிறுத்தால் வண்ணம் மேலும் நீர்க்க வேண்டும், நீர்த்தால் ஓடும். அக்ரிலிக் வண்ணம் ஊசிக் கூரிலேயே உலர்ந்து பொருக்குக் கட்டும், 0.2இல் அந்தப் பொருக்கு அடைப்பு, 0.35இல் அது வெறும் தொந்தரவு. வெள்ளி, செம்பு போன்ற உலோக வண்ணங்களின் பொடியும், பிரைமரின் தடிப்பும் சிறு துளையில் இறங்கத் தயங்கும். ஓலையில் எழுதிய நம் முன்னோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டதற்கு, எழுத்தாணியின் கூர் ஓலையைப் பொத்துவிடும் என்ற அச்சமும் ஒரு காரணம் என்பார்கள். அவர்களிடம் கூரான ஆணி இல்லாமல் இல்லை; ஓலை எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். (இதைச் சொன்னதற்கு நம் துறைத்தலைவர், ஓலைச்சுவடியைப் பொம்மை விமானத்தோடு சேர்த்துப் பேசாதீர் என்று கடிந்துகொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு.)

0.2 யாருக்குமே வேண்டாமா? வேண்டும். முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவுப் போர்வீரனின் முகத்தில் கன்னக்குழி நிழல் போடுகிறவருக்கு வேண்டும். நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்கு விமானத்தில் திட்டு வைக்கிறவருக்கு வேண்டும். அவர்களுக்கு அது இரண்டாவது கருவி. ஹாம்பர்க்கை அடுத்த நோர்டர்ஷ்டெட் நகரில் இயங்கும் ஜெர்மானிய நிறுவனமான ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக், 0.2, 0.4 என இரு முனைகளையும் ஊசிகளையும் ஒரே பெட்டியில் சேர்த்து விற்கிறது. முதலில் 0.4, கை பழகியபின் 0.2. இந்த ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

துளை அளவைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அதை ஏனோ யாரும் கேட்பதில்லை. நாசில் எப்படிப் பொருந்துகிறது? சில கருவிகளில் அது மரையிட்டது. பொம்மைக்குச் செய்ததுபோன்ற ஒரு குட்டி ஸ்பேனரால் திருக வேண்டும். நம் மாணவருடையது அப்படித்தான். ஜப்பானிய ஜிஎஸ்ஐ கிரியோஸ் நிறுவனத்தின் புரோகான் பாய் வரிசையில் வரும் பி.எஸ். 289, 0.3 முனையுடன் அருமையாக வேலை செய்யும் கருவி, அதிலும் மரைதான். பொறுமைசாலிகளுக்கு அது ஒரு குறையன்று. வேறு சிலவற்றில் நாசிலை இடத்தில் வைத்துவிட்டு மேல்மூடியைக் கையால் மூடினால் போதும். ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் கருவிகள் இப்படித்தான். அனெஸ்ட் இவாட்டாவின் எக்லிப்ஸ் எச்.பி. சி.எஸ். என்ற 0.35 கருவியும் இப்படித்தான். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு, மறுநாள் முதல் வகுப்பை நினைத்துக்கொண்டே அரைத் தூக்கத்தில் கழுவுகிறவருக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதன்று. ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்று கழுத்தைப் பிடித்தால், நாம் எக்லிப்ஸ் பக்கந்தான் கைகாட்டுவோம். அந்த விலை இயலாதவருக்கு அதே இவாட்டாவின் பெயரில் வரும் நியோ, அதுவும் 0.35.

அமெரிக்காவின் பேட்ஜர் நிறுவனத்துப் பேட்ரியட் 105 வைத்திருப்பவர்களும் அதன் தடித்த முனையை மெச்சுகிறார்கள், அடைப்பது அரிது. ஆனால் பேட்ஜர், பாஷே கருவிகளின் குழாய்மரை, ஜப்பானிய, ஜெர்மானியக் கருவிகளில் வழக்கமான எட்டில் ஒரு அங்குல மரையோடு பொருந்தாது. இடையில் ஓர் இணைப்பி வேண்டும். அதைச் சேர்த்து வாங்காமல் வந்துவிட்டு, கருவி ஒரு கையிலும் குழாய் ஒரு கையிலுமாக உட்கார்ந்திருந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

பெயரே இல்லாத மலிவுக் கருவிகளைப் பற்றி? அவற்றை இகழ்வது எளிது. நாமே அப்படி ஒன்றில்தான் தொடங்கினோம், இன்றும் பிரைமர் அடிக்க அதைத்தான் எடுக்கிறோம். பத்து வாங்கினால் ஆறு ஏழு நன்றாக வேலை செய்யும். உங்களுக்கு வாய்ப்பது எது என்பதுதான் தெரியாது. ஊசி வளைந்தால் மாற்று ஊசி பொருந்தும் என்பதற்கும் உறுதியில்லை. கெட்டால் வருத்தமில்லை என்ற மனநிலையோடு வாங்குகிறவர் வாங்கலாம். சேர்த்துச் சேர்த்து ஒரே முறை வாங்குகிறவர் வாங்கக் கூடாது.

இனி, கருவியைவிடப் பெரிய விஷயம். காற்று.

நாம் இருக்கும் கடலோர ஊரில் கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் உண்டு. தொடக்க நாள்களில் நம் கருவி எச்சில் துப்புவதுபோல் விட்டுவிட்டுத் துப்பியபோது, அதைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் போனோம். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரித்தார். "கன்னுல ஒண்ணும் இல்ல சார். காத்து சரியா வந்தா ஓட்டை கன்னுலகூட அடிச்சுரலாம். காத்துல தண்ணி இருந்தா எவ்ளோ காசு குடுத்து வாங்குன கன்னும் மூஞ்சில துப்பும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை நம் ஆசிரியர் வரிசையில் சேர்த்திருக்கிறோம்.

தொட்டியில்லாத சிறு கம்ப்ரஸரில் உந்துதண்டு ஒவ்வொரு முறை தள்ளும்போதும் காற்று அலையலையாக வரும். குழாய் வழியே அந்தத் துடிப்பு முனைவரை வந்து, கோட்டில் நடுக்கமாகத் தெரியும். தொட்டி இருந்தால் துடிப்பு அதிலேயே அடங்கிவிடும். மாதிரிக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் வகை, மூன்று லிட்டர் தொட்டியும் ஐந்தில் ஒரு குதிரைத்திறன் மோட்டாரும் கொண்டது. தொட்டியில் அழுத்தம் 4 பார் ஆனதும் தானே நின்று, 3 பாருக்கு இறங்கியதும் தானே ஓடும். இடையில் கிடைக்கும் அமைதி உங்களுக்கும் நல்லது, பக்கத்து வீட்டாருக்கும் நல்லது. வெளிவாயில் ரெகுலேட்டர் கட்டாயம் வேண்டும். நாம் அடிப்பது பெரும்பாலும் 15 முதல் 20 பி.எஸ்.ஐ.க்குள், நுண்கோட்டுக்கு அதற்கும் கீழே இறங்க வேண்டும். ரெகுலேட்டர் இல்லாத கம்ப்ரஸர் அடுப்பைக் கூட்டவும் குறைக்கவும் முடியாத சமையலறை மாதிரி.

அழுத்தப்பட்ட காற்று சூடாகும். குழாயில் ஆறும்போது அதிலிருக்கும் ஈரம் நீராகப் பிரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரையோரக் காற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? நீர்பிடிக்கும் வடிகட்டி ஒன்று ரெகுலேட்டரோடு சேர்ந்து வருகிறது. மழைக்காலத்தில் நாம் கருவிக்கு அடியில் இரண்டாவதாக ஒன்றையும் மாட்டிக்கொள்கிறோம். தொட்டியின் அடித்திருகைத் திறந்து நீரை வடிக்காதவர்கள், ஒரு நாள் தங்கள் விமானத்தின் மூக்கில் துருநீர்ச் சொட்டைக் காண்பார்கள். அதே மழைக்காலத்தில் லாக்கர் வண்ணம் அடித்தால் மேற்பரப்பு பால்போல் வெளுத்துப் போவதும் உண்டு. தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிவதால் வரும் வினை அது. வண்ணத்தையோ கருவியையோ வைது பயனில்லை. வெயில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

கம்ப்ரஸருக்குப் பதிலாக அடைத்த வாயுப் புட்டியில் தொடங்கலாமே என்பார்கள். வாயு வெளியேற வெளியேறப் புட்டி குளிர்ந்து அழுத்தம் சரியும். ஓர் இறக்கையை முடிப்பதற்குள் கையில் பனிக்கட்டியைப் பிடித்திருப்பீர்கள். நாலைந்து புட்டியின் விலை எங்கே போய் நிற்கும் என்பதையும் பாருங்கள். அண்மைக் காலமாக ஏர்பிரஷ்ஷின் அடியிலேயே பொருத்திக்கொள்ளும், மின்கலத்தில் ஓடும் குட்டிப் பம்புகளும் வந்திருக்கின்றன. குழாய் இல்லை, இடம் அடைப்பதில்லை, விடுதி அறைக்குத் தோதானவை. இரவல் வாங்கி ஒரு மாதம் பயன்படுத்தினோம். பிரைமருக்கும் ஒற்றை நிறத்துக்கும் குறை சொல்ல முடியாது; ஆனால் கை கனக்கிறது, துடிப்பும் இருக்கிறது, நமக்கு வேண்டிய நுண்ணிய அழுத்த மாற்றம் அதில் வாய்க்கவில்லை.

வண்ணத்தின் பதத்துக்கு ஒரு பத்தி. அதிகம் கொழுகொழுத்த வண்ணத்தை எந்த முனையாலும் அடிக்க முடியாது. நீர் கலந்த பாலின் பதம் வேண்டும்: கிண்ணத்தின் ஓரத்தில் சாய்த்தால் மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும். டாமியாவின் அக்ரிலிக்கை அந்த நிறுவனத்தின் தின்னரோடு சரிபாதியாகக் கலந்து தொடங்கலாம். அது ஆல்கஹால் சார்ந்தது. ஸ்பெயினின் வாயேஹோ அக்ரிலிக் நீர் சார்ந்தது. அதில் முன்னதன் தின்னரை ஊற்றினால் பால் திரிவதுபோல் திரிந்து கருவிக்குள் கட்டிபடும். நம் மாணவரின் அடைப்புகளில் பாதிக்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று நாம் அவரிடம் முனை அளவைச் சொன்னோமே தவிர, எந்த வண்ணம் வைத்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதில் நாம் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நீர் சார்ந்த வண்ணம்தானே, முகமூடி எதற்கு என்பவர்கள் வாசமின்மையைத் தீங்கின்மை என்று எண்ணிக்கொள்கிறார்கள். தூள் தூளாகச் சிதறிய எந்த வண்ணமும் நுரையீரலுக்கு உரியதன்று. லாக்கருக்கோ, கரிமவாயுவைத் தடுக்கும் வடிகலம் பொருத்திய முகமூடியே வேண்டும். துணி முகமூடியோ தோளில் கிடக்கும் துண்டோ அதைச் செய்யாது. ஒரு கோடை விடுமுறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு நான்கு மணிநேரம் லாக்கர் அடித்துவிட்டு, இரவெல்லாம் தலைவலியோடு கிடந்தோம். நம்மைவிட அடுத்த அறையில் இருந்த பிள்ளைக்கு ஏற்பட்ட இருமல்தான் நம்மைத் திருத்திற்று. துணைவியார் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை கம்ப்ரஸர் மாடிப்படியின் அடியில் கிடந்தது. அது மீண்டும் அறைக்குள் வந்தது, வெளியேற்று விசிறி வைத்த பெட்டியொன்றைச் செய்து, புகைக்குழாயைச் சன்னல் வழியே வெளியே விட்ட பிறகுதான். அந்த விசிறியின் மோட்டார் தீப்பொறி தெறிக்காத வகையாகவும், தின்னர் ஆவி அதன் வழியே செல்லாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, கையில் பத்து ரூபாய் இருந்தால் நான்கைக் கருவிக்கும் நான்கைக் கம்ப்ரஸருக்கும் இரண்டை முகமூடி, தின்னர், கழுவும் தூரிகைகளுக்கும் ஒதுக்குங்கள் என்பதே இப்போது நாம் சொல்வது. எட்டு ரூபாய்க்குக் கருவியும் இரண்டு ரூபாய்க்குக் காற்றும் வாங்குகிறவர்தான் மூன்றாம் மாதம் பெட்டியோடு வந்து நிற்பார். கடையில் இசைந்தால், வாங்கும் முன் கிண்ணத்தில் வெறும் நீரை ஊற்றிச் செய்தித்தாளில் அடித்துப் பாருங்கள். புள்ளி வட்டமாக விழுகிறதா, ஒரு பக்கம் வால் நீள்கிறதா என்று கவனியுங்கள். வால் நீண்டால் ஊசிக் கூரோ நாசிலோ பழுது. விசை, விரலுக்கு இணங்கி வழுக்கிக்கொண்டு வருகிறதா என்பதையும் பாருங்கள். நாற்பதைக் கடந்து விரல் மூட்டு நோகத் தொடங்கியவர்கள், துப்பாக்கிபோல் பிடித்து விசையிழுக்கும் வகையையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். நாம் அந்தப் பக்கம் கண் வைத்திருக்கிறோம்.

அந்த 0.2 கருவியை அவரிடமிருந்து நாமே வாங்கிக்கொண்டோம். அவர் பாதி விலைதான் ஏற்றுக்கொண்டார். புது நாசில் போட்டு வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு ஓரிரு முறை எடுப்பதோடு சரி.

சென்ற மாதம் அவர் தொலைபேசியில் அழைத்தார். இப்போது வெளியூரில் வேலை, வாடகை வீடு. "மறுபடியும் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன் ஐயா. அந்த மெஸ்ஸர்ஷ்மிட்ட இன்னும் தூக்கிப் போடல. இந்தத் தடவை எத்தனை மில்லிமீட்டர் வாங்கட்டும்?" என்றார்.

"அது இருக்கட்டும் தம்பி. எத்தனையாவது மாடி, அறையில் சன்னல் இருக்கிறதா, கையில் எந்த வண்ணம் வைத்திருக்கிறாய்? அதை முதலில் சொல்" என்றோம்.

"மூணாவது மாடி ஐயா. சன்னல் ஒண்ணு இருக்கு. கீழதான் ஹவுஸ் ஓனர், சத்தம் கேட்டா மேல வந்துருவாரு."

அப்படியானால் தொட்டியுள்ள கம்ப்ரஸர்தான். அதன் அடியில் தடித்த ரப்பர் பாய் ஒன்றும் போட்டுக்கொள்ளச் சொன்னோம்.